கொல்லையில் தேன்கூடு: கொளுத்த வேண்டாம், தள்ளி இருப்போம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்னைக்கு நான் பேசப் போறது தேன்கூடு பற்றி. இதுல எனக்கு ஒரு தப்பு இருக்கு. முதல்ல அதைச் சொல்லிடுறேன்.

சிறுமலை அடிவாரத்தில் நம்ம உறுப்பினர் அக்கா ஒருத்தங்க வீட்டுப் புளியமரத்தில் மலைத்தேனீ கூடு கட்டியிருந்தது. "என்னம்மா செய்யறது?"ன்னு என்கிட்ட கேட்டாங்க. "கீழே புகை போட்டா தானா போயிடும்க்கா"ன்னு சொல்லிட்டு அடுத்த ஊருக்கு பஸ் ஏறிட்டேன். படிச்ச பொண்ணு சொல்லுதேன்னு நம்பி அவங்களும் பனையோலையைக் கொளுத்தினாங்க. தேனீ மொத்தமாகக் கலைந்து இறங்கியது. அக்கா வீட்டுக்குள்ள ஓடிக் கதவைச் சாத்திட்டாங்க. மரத்தடியில் கட்டியிருந்த ஆடுகள் எங்கே ஓடும்? குழுக் கடனில் வாங்கின இரண்டு ஆடும் செத்துப்போச்சு. தவணையை மட்டும் அவங்க விடாம கட்டினாங்க. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முதலில் எந்தத் தேனீ என்று பாருங்க. சுவர் இடுக்கில் குழாய் மாதிரி சின்ன வாசல் வைத்திருப்பது கொசுத்தேனீ. அது கொட்டாது. வேலிச் செடிக் கொம்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே அடை தொங்கினால் கொம்புத்தேனீ. மரப்பொந்தில் அடுக்கடுக்காக அடை கட்டுவது அடுக்குத்தேனீ. இந்த இரண்டும் நாம சீண்டாதவரை பெரும்பாலும் நம்மை விட்டுவிடும். உயரமான மரத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெரிய அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. இதற்குத்தான் பயப்படணும். ஆனா பூக்காலம் முடிந்ததும் தானாகக் கிளம்பிவிடும். கதண்டு தேனீயே இல்லை, குளவி இனம். அதன் பக்கமே போகாதீங்க.

தேனீ இல்லாவிட்டால் நமக்கும் நஷ்டம்தான். பூசணி, பாகல், வெள்ளரியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ மாதிரி பூச்சிகள் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்காவிட்டால் பிஞ்சு பழுத்து உதிர்ந்துவிடும்.

அதனால் தள்ளி இருப்போம். கூடு இருக்கிற மரத்தடியில் ஆடு மாடு கட்டாதீங்க. புகை, தீ, கல், பூச்சிமருந்து எதுவும் வேண்டாம். பக்கத்தில் கிளை வெட்டாதீங்க. மலைத்தேனீ இரவில் வெளிச்சத்துக்கு வரும், அந்தப் பக்கத்து பல்பை அணைச்சு வையுங்க. வீட்டு வாசல், பள்ளி, அங்கன்வாடிக்கு மேலே மலைத்தேனீயோ கதண்டோ கட்டியிருந்தால் 101-க்கு போன் செய்து தீயணைப்பு நிலையத்தில் சொல்லுங்க.

கலைந்து துரத்தினால் கையை வீசாதீங்க. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்துங்க. கிணற்றில் குதிக்காதீங்க. நாம மேலே வரும்வரை அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

தேனீ கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் எடுத்துவிடுங்க. அது சதையில் இருக்க இருக்க விஷம் இறங்கும். சோப்பு போட்டுக் கழுவி, ஈரத்துணி வையுங்க. மூச்சுத்திணறல், உதடு நாக்கு வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, மயக்கம் இதில் எது வந்தாலும், ஒரே ஒரு கொட்டுதானே என்று இருக்காதீங்க. உடனே 108-க்கு போன் செய்யுங்க. நிறைய கொட்டியிருந்தால், ஆள் நல்லா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க.

மறு வருஷம் அதே புளியமரத்துக்குத் தேனீ திரும்ப வந்தது. அக்கா இந்தத் தடவை என்னைக் கேட்கவில்லை. ஆட்டுக் கொட்டகையை வீட்டுக்கு அந்தப் பக்கம் மாற்றிக் கட்டினாங்க. சில மாதத்தில் தேனீ தானாகக் கிளம்பிப் போச்சு, ஆடும் பிழைத்தது.

உங்க அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்க. யார் வீட்டில் கூடு இருக்கு, அதன் அடியில் என்ன கட்டியிருக்கு என்று கேளுங்க. தெரியாத விஷயத்துக்கு நான் பதில் சொன்னா, "உங்களுக்குத் தெரியுமாம்மா?"ன்னு என்னையும் திருப்பிக் கேளுங்க.