தூரத்தில் நின்றவர்கள்

(யூபிலி விழாவில் ஆற்றிய உரை)



யூபிலியை முன்னிட்டுக் கொடிமரத்துக்கு வர்ணம் பூசிவிட்டோம். சப்பரத்துக்குப் புது விளக்குகளும் வந்துவிட்டன. மகிழ்ச்சி. இவ்வேளையில் மெய்ப்பக்தியையும் போலிப் பக்தியையும் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

லூக்கா நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில் இருவர் செபிக்க ஆலயம் செல்கின்றனர். பரிசேயன் பொய் சொல்லவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். வாரத்தில் இருமுறை நோன்பிருந்ததும் உண்மை; பத்தில் ஒரு பங்கு கொடுத்ததும் உண்மை. ஆனால் பின்னால் நின்ற ஆயக்காரனைக் காட்டித் தன் பக்தியை உயர்த்திக்கொண்டான். ஆயக்காரனோ தூரத்தில் நின்றான். அண்ணாந்து பார்க்கவும் துணியவில்லை.

தூரத்தில் நின்றவர் என்றதும் கடலூர்க்காரர்களான நமக்குச் சிதம்பரம் நினைவுக்கு வரும். கொள்ளிடக் கரை ஆதனூர் நந்தனாரின் வரலாற்றைச் சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பெரிய புராணத்தில் பாடினார். கோவில் பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுத்தவர் நந்தனார். ஆனால் கோவிலுக்குள் அவருக்கு இடமில்லை. நாளைப் போவேன், நாளைப் போவேன் என்றே நாள் கழித்தார். தில்லை எல்லையை அடைந்தும் உள்ளே நுழையாமல் இரவும் பகலும் ஊரைச் சுற்றி வந்தார். நெருப்பில் இறங்கி எழுந்த பிறகே உள்ளே சென்றார் என்கிறது புராணம். அவரிடம் எரிக்க வேண்டிய அழுக்கு என்ன இருந்தது? தடுத்தவர்களை அல்லவா நெருப்பில் இறங்கச் சொல்லியிருக்க வேண்டும்!

19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கதையைக் கீர்த்தனைகளாகப் பாடியபோது, புராணத்தில் இல்லாத ஒரு வேதியரைச் சேர்த்தார். வயல் வேலையை முடித்தால்தான் சிதம்பரம் போக உத்தரவு என்பவர் அவர். இறுதியில் அவரே தம் பண்ணையாளின் காலில் விழுகிறார். உவமையின் பரிசேயன் மனந்திரும்பியதாக நற்செய்தியில் இல்லை. பாரதியாரின் வேதியர் மனந்திரும்பினார்.

இது அவர்கள் கோவில் கதை என்று நாம் எழுந்து போய்விடலாமா? நம் உயர்மறைமாவட்டத்தின் தலைநகராகிய புதுச்சேரியில், கோவிலுக்குள்ளேயே தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து வைக்க ஒரு சுவர் இருந்தது. 1745-இல் அது இடிக்கப்பட்டதையும், சாதிக் கிறிஸ்தவர்கள் அதை எதிர்த்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். தெற்கே வடக்கன்குளத்தில் இரு சாதிப் பிரிவினரும் தனித்தனியே அமர, கோவிலையே 1872-இல் இரு கிளைகளாகக் கட்டினார்கள். 1910-இல் தடுப்பு நீக்கப்பட்டபோது வழக்குமன்றம் வரை சென்றவர்களும் பூசை தவறாத கத்தோலிக்கர்கள்தாம்.

நம் கோவிலில் சுவர் இல்லை. ஆயினும் திருவிழாச் சப்பரம் கடைவீதியோடு திரும்பிவிடுகிறது. காலனித் தெருவுக்குள் செல்வதில்லை. பாதை குறுகல் என்கிறோம். தண்ணீர் லாரி அதே பாதையில்தான் போகிறது. அங்குள்ள தாய்மார்கள் மெழுகுதிரியோடு தெருமுனைக்கு வந்து, தூரத்தில் நின்று வணங்கிவிட்டுத் திரும்புவதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். திருவிழாக் குழுவினர் வரும் ஞாயிறு பூசைக்குப் பின் கூடும்போது, சப்பரம் செல்லும் பாதையை முதலில் பேசும்படி கேட்டுக்கொள்கிறோம்.