தன்ராஜ் மாஸ்டர்

பாட்டொன்று கேட்டவுடன் இசையமைத்தவர் பெயரைச் சொல்லிவிடுகிறோம். அவருக்கு இசையை எழுதப் பழக்கிய ஆசிரியரை நினைப்பவர் சிலரே. சென்னை மயிலாப்பூரில் மேனாட்டு இசையைப் பல்லாண்டு கற்பித்த தன்ராஜ் மாஸ்டர் அத்தகைய ஆசிரியர். ஓர் அறையே அவருடைய கலாசாலை, பியானோவே கரும்பலகை.

பண்ணைப்புரத்து இளையராஜா 1968ஆம் ஆண்டில் அவரிடம் மாணாக்கரானார். அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் பாடியும் வாசித்தும் செவிவழியே தேர்ந்தவர் அவர். மாஸ்டரிடம் பெற்றது விரல் வித்தை மட்டுமன்று. ஐந்து கோடுகளின்மேல் சுரங்களை எழுதவும், ஒரு மெட்டோடு இன்னொரு மெட்டை மோதாமல் உடன் நடத்தவும் கற்றார். பியானோவின் சுரங்கள் கட்டைக்குக் கட்டை நின்றுவிடுவன. நமது கமகத்திற்கு இடந்தாரா. ஆயினும் பல குரல்களை ஒருங்கே விரித்துக்காட்ட அதனினும் நல்ல கருவி இல்லை என்பேன். 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. 1986இல் தியாகராசருக்கும் ஜெர்மானியர் பாக்கிற்கும் காணிக்கையாக 'ஹவ் டு நேம் இட்' இசைத்தட்டு வெளிவந்தது. மாஸ்டர் தந்த பாடம் இரண்டிலும் உண்டு.

பேசாலையில் இதன் அருமை நன்கு விளங்கும். நம் தவக்காலத்துப் பாஸ் பாட்டுக்கள் பெரும்பாலும் வாய்வழி வந்தவை. பாடும் முதியவர் மறைந்தால் மெட்டும் உடன் போய்விடும். ஆர்மோனியம் வாசிக்கும் பிள்ளைகள் நம்மிடம் உளர். கேட்டதைத் தாளில் எழுதப் பழக்குவார்தாம் வேண்டும்.

2025 மார்ச்சு 8ஆம் நாள் லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியது. தமிழறியாத அவ்வூர் வாத்தியக்காரர்கள், எதிரே இருந்த தாளைப் பார்த்தே அதனை வாசித்தார்கள்.