தேதி போட்டுப் பிரிக்கிறார்கள்

(டிசம்பர் 17, ஓய்வூதியர் நாளன்று தாராவியில் நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டத்துக்கு நோட்டீஸ் கொடுக்கப் போனபோது ஒரு நண்பர் கேட்டார்: "இட்லிக் கூடை தூக்குகிறவனுக்கும் தோல் பட்டறையில் நிற்கிறவனுக்கும் பட்டாளத்துக்காரர் பென்ஷன் கதை எதற்கு அண்ணே?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் நான் நிற்கிறேன்.

இன்றைய நாள் எப்படி ஓய்வூதியர் நாள் ஆயிற்று? 1979-இல் மத்திய அரசு பென்ஷன் கணக்கைத் திருத்தியது. கடைசி 36 மாதச் சராசரிக்குப் பதில் கடைசி 10 மாதச் சராசரி என்றது. நல்ல திருத்தம்தான். ஆனால் ஒரு தேதி போட்டது: 1979 மார்ச் 31-லோ அதற்குப் பிறகோ ஓய்வு பெற்றவருக்குத்தான். ஒரு நாள் முந்தி ஓய்வு பெற்றவருக்குக் கிடையாது. படைவீரர்களுக்கும் இப்படியே ஒரு தேதி. பாதுகாப்புக் கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற டி.எஸ். நகாரா வழக்குப் போட்டார். 1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தேதி செல்லாது என்றது. பென்ஷன் அரசு போடும் பிச்சை அல்ல, செய்த வேலைக்கான உரிமை என்று தீர்ப்பளித்தது.

அதே 1982-இல் நம் நகரத்தில் என்ன நடந்தது? ஜனவரி 18-இல் மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் தெருவில் நின்றார்கள். பெரும்பாலோர் திரும்ப உள்ளே போகவே இல்லை. வேலையிழந்தவனுக்கென்று ஓர் இன்ஷூரன்ஸ் அன்று இந்த நாட்டில் இல்லை. டில்லியில் பென்ஷன் உரிமை என்று தீர்ப்பு வந்த ஆண்டில், பரேலில் சோற்றுக்கு வழியில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்று நமக்குத் தெரியவில்லை. இன்றாவது பார்க்க வேண்டும்.

நகாரா தீர்ப்போடு தேதி போடும் வேலை நின்றதா? நிற்கவில்லை. 2004 ஜனவரி 1-க்குப் பிறகு மத்திய அரசு வேலைக்கு வந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை என்றார்கள். நானும் அந்தத் தேதிக்குப் பிறகு ரயில்வேக்கு வந்தவன்தான். பக்கத்து மேசைக்காரருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம். ஊழியர்கள் இருபது ஆண்டு கத்திய பிறகு, 25 ஆண்டு வேலை பார்த்தவருக்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி என்ற திட்டம் 2025 ஏப்ரல் 1 முதல் வந்தது. போதாது. ஆனாலும் கத்தினால் கொஞ்சம் அசைகிறது என்பதற்கு அது சாட்சி.

2004-இல் படைவீரர்களை விட்டுவைத்தார்கள். அவர்களுக்கு வேறு குறை. ஒரே பதவி, ஒரே சேவைக்காலம். ஆனால் முன்னே ஓய்வு பெற்ற ஹவில்தாருக்குக் குறைவு, பின்னே வந்தவருக்கு அதிகம். 2015-இல் முன்னாள் வீரர்கள் ஜந்தர் மந்தரில் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். நவம்பர் 7-இல் உத்தரவு வந்தது. ஆண்டுதோறும் சமன் செய்யக் கேட்டார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்று கிடைத்தது. அதுவே போதும் என்று உச்ச நீதிமன்றமும் 2022 மார்ச்சில் சொல்லிவிட்டது.

அதற்கு மூன்றே மாதத்தில், 2022 ஜூன் 14-இல் அக்னிபத் அறிவிப்பு. நான்கு ஆண்டு வேலை. நூற்றுக்கு 25 பேர் வரைதான் தொடரலாம். மற்றவருக்குப் பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை. முதல் ஆண்டுச் சம்பளம் 30,000. அதில் 9,000 பிடித்தம். நான்கு ஆண்டில் பிடித்ததும் அரசு போட்டதும் வட்டியும் சேர்த்து சுமார் 11.71 லட்சம் கையில் கொடுத்து அனுப்புவார்கள். முதல் அணிக்கு 2026 இறுதியிலிருந்து நான்காண்டு நிறைகிறது.

அறிவிப்பு வந்த வாரம் பீகாரிலும் செகந்திராபாத்திலும் ரயில்கள் எரிந்தன. செகந்திராபாத்தில் துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளைஞர் இறந்தார். ரயில்காரன் நான், பெட்டியைக் கொளுத்தியதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளைகளின் ஆத்திரம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருக்கவும் மாட்டேன்.

அரசுத் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். படை இளமையாக இருக்க வேண்டும், சராசரி வயது 32-இலிருந்து 26 ஆக வேண்டும் என்கிறார்கள். செலவும் சிறிதல்ல: 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கான 6.81 லட்சம் கோடியில் 1.60 லட்சம் கோடி பென்ஷனுக்கு. சரி. இளமையாக எடுத்து இளமையாகவே வெளியே அனுப்பினால், அவன் எங்கே போவான்? அதற்குப் பதில் வேண்டாமா? துணை ராணுவத்தில் இட ஒதுக்கீடு என்கிறார்கள். அதிலும் இடம் கிடைக்காதவன்?

அவன் இளம் வயதிலேயே வேலையற்றவன். வேலையற்றவனுக்கு நாட்டில் என்ன உண்டு? 2018-இல் இ.எஸ்.ஐ. மூலம் ஒரு திட்டம் வந்தது. வேலை போனால் 90 நாள் வரை, சராசரிச் சம்பளத்தில் நூற்றுக்கு 25. கொரோனாக் காலத்தில் 2020-இல் அதை 50 ஆக்கினார்கள். வாழ்நாளிலேயே மொத்தம் 90 நாள்தான். அதுவும் இ.எஸ்.ஐ. கட்டியவருக்கு மட்டும். 1948 இ.எஸ்.ஐ. சட்டம் முப்படைக்காரரைத் தொழிலாளி என்ற கணக்கிலேயே சேர்க்காமல் எழுதப்பட்டது. ஆகவே பென்ஷன் ஜன்னலுக்குப் போனால் "நீ நான்காண்டுக்காரன்" என்பார்கள். வேலையிழந்தோர் ஜன்னலுக்குப் போனால் "நீ பட்டாளத்துக்காரன்" என்பார்கள்.

இட்லிக் கூடைத் தோழரே, உங்கள் நிலையும் இதுதானே? நீங்கள் எந்த ஜன்னலிலும் இல்லை. அரசியல் சட்டத்தின் 41-ஆம் பிரிவு முதுமை, நோய், வேலையின்மை மூன்றையும் ஒரே வரியில் வைத்து, அரசு உதவ வேண்டும் என்கிறது. கோர்ட்டில் கேட்டு வாங்க முடியாத பிரிவு அது. அதனால்தான் கூட்டம் போட்டுக் கேட்கிறோம்.

கேட்பது மூன்று. நான்காண்டு முடித்தவனுக்கு வேலை கிடைக்கும்வரை மாத உதவி. வேலையிழந்தோர் உதவி அவ்வப்போது நீட்டிக்கும் சலுகையாக இல்லாமல் நிரந்தரச் சட்டமாக வேண்டும். பட்டறைக்காரருக்கும் தெருவில் விற்பவருக்கும் சேர வேண்டும். இனிப் பென்ஷனில் தேதி போட்டுப் பிரிக்கக் கூடாது.

உடனே செய்யவேண்டியது ஒன்று. இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். வேலை போனால் சங்கத்துக்கு வாருங்கள், விண்ணப்பம் நாங்கள் எழுதித் தருகிறோம்.

"அவருக்குப் பென்ஷன் இருக்கிறது, எனக்கு இல்லை" என்று ஒருவர் மேல் ஒருவர் எரிச்சல்பட்டால், தேதி போட்டவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். அவருக்கு இருப்பது எனக்கும் வேண்டும் என்று கேட்போம்.