நாம் கேட்டு வளர்ந்த இசை

 

கல்விக் கழகத்தின் வெள்ளிவிழாவில் இசையைப் பற்றிய சொற்பொழிவு எதற்கு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். தேர்வு, உதவித்தொகை, விடுதி, வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பேச இவ்விழாவில் வேறு அறிஞர்கள் வந்திருக்கின்றனர். நமக்கு எந்த இசை பிடிக்கும், அது அன்றாட வாழ்வில் நமக்கு என்ன ஊக்கம் தருகிறது என்பதைச் சொல்லுமாறு விழாக்குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். எளிய தலைப்புப் போலத் தோன்றினும், நம்மவர் வீடுகளில் இன்னும் முடிவுறாத ஒரு வழக்கு இதனுள் ஒளிந்திருக்கிறது. அதற்குப் பின்னர் வருவோம்.

நாம் முதலில் கேட்ட இசைக்கு மேடையும் இல்லை, பக்கவாத்தியமும் இல்லை. தூளியை ஆட்டிக்கொண்டே தாய் பாடிய தாலாட்டு, சேற்றில் கால் புதைய நின்று பெண்கள் பாடிய நடவுப்பாட்டு, சாவு வீட்டில் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டு பாடிய ஒப்பாரி ஆகியனவே அவை. ஒப்பாரி பாடும் பெண், இறந்தவரின் பெயர், ஊர், உறவு, அவர் பட்ட பாடு ஆகிய அனைத்தையும் அந்த நேரத்திலேயே எதுகை மோனையோடு கட்டிவிடுகிறார். கையெழுத்திடத் தெரியாமல் பெருவிரல் வைத்த நம் பாட்டிமார், யாப்பிலக்கணம் எதையும் பாராமலே இதைச் செய்தனர். பள்ளியில் செய்யுளைக் கண்டு அஞ்சும் மாணவனிடம், உன் பாட்டியிடம் போய் உட்கார் என்று சொல்வதே நமது வழக்கம்.

அடுத்து, திருமணப் பந்தல்களில் ஒலிபெருக்கி வழியே வந்த இசைத்தட்டுகள். அவற்றுள் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளின் குரல் நம்மைப் பற்றிக்கொண்டது. 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் அவரே நந்தனாராக ஆண்வேடம் பூண்டார். அதற்காக அவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் வழங்கப்பட்டது அக்காலத்தில் பெருவியப்பாகப் பேசப்பட்டது. சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். பாட்டில் நாம் உருகினோம். கதையில் உருக முடிந்ததா? அங்கேதான் தொல்லை. நந்தனாரை அடிமைகொண்டு, நாற்பது வேலி நிலத்தைப் பயிரிட்டு முடித்த பின்னரே சிதம்பரம் போகலாம் என்று தடுக்கும் வேதியர், சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இல்லை. அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனையில் படைத்துக்கொண்ட பாத்திரம். பண்ணையாரைப் பார்த்த கண்களால் பாரதியார் பழைய கதையைப் பார்த்தார் என்று நாம் கருதுகிறோம். அந்த அளவில் அவருக்கு நன்றி கூறலாம். ஆனால் தீயில் மூழ்கித் தூய்மை பெற்ற பிறகே கோயிலுக்குள் போகலாம் என்ற முடிவு இரண்டு நூல்களிலும் இருக்கிறது. அம்முடிவை நாம் ஏற்பதற்கில்லை.

சேக்கிழார் கூறும் இன்னொரு செய்தியைப் பலர் கவனிப்பதில்லை. கோயில்களில் முழங்கும் பேரிகைக்குத் தோலும், வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் நந்தனார் கொடுத்துவந்தார் என்பது அது. இசை உள்ளே ஒலிக்க, இசைக்குப் பொருள் தந்தவர் வெளியே நின்றார். இந்நிலைக்கு எதிராகச் சுவாமி சகஜானந்தர் (1890-1959) எடுத்துக்கொண்ட வழி பள்ளிக்கூடம். 1916-இல் சிதம்பரத்திலேயே நந்தனார் பெயரால் அவர் கல்விப்பணி தொடங்கினார். நம்முடையதைப் போன்ற கழகங்களுக்கெல்லாம் அது மூத்த உறவு.

இனி வழக்கிற்கு வருவோம். அது பறையைப் பற்றியது.

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் சேர்க்கிறது. துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நான்கு குடிகளைப் புறநானூற்றில் மாங்குடி கிழார் பெருமையோடு எண்ணுகிறார். பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தார் இன்றும் அச்சொல்லை வழங்குகின்றனர். இத்தனை பழைமையும் பெருமையும் இருந்தும், அச்சொல்லிலிருந்து பிறந்த ஒரு சொல்லை ஆங்கிலேயர் தம் மொழியில் தள்ளிவைக்கப்பட்டவர் என்னும் பொருளில் ஆண்டனர். பெயர் அழிந்தது எப்படி? ஊரில் சாவு விழுந்தால் ஆள் வரும். சேரியிலிருந்து பறையடிக்கப் போயே ஆகவேண்டும். நோயானாலும், நம் வீட்டில் நல்ல நாளானாலும் போகவேண்டும். கூலியாகக் கிடைப்பது கொஞ்சம் நெல்லும் கள்ளும். போகாவிட்டால் உதை. அதனால்தான் நம் மூத்தோர் பலர் பறையைத் தீயிலிட்டனர், கிணற்றில் எறிந்தனர். தென்னார்க்காட்டுப் பகுதியில் இக்கட்டாயத்தை எதிர்த்து நம் மக்களைத் திரட்டியவர்களுள் எல். இளையபெருமாள் (1924-2005) முதன்மையானவர்.

அந்த மூத்தோர் சிலர் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதே பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையேறுகின்றனர். "எதை விட்டொழிக்க அடிபட்டோமோ அதையே நீங்கள் சுமப்பதா?" என்று பெரியவர்கள் கேட்கின்றனர். "நம் கலையை நாம் ஏன் விடவேண்டும்?" என்று இளைஞர்கள் கேட்கின்றனர். ஒரே வீட்டில் இவ்விரு குரலும் எழுந்து, தந்தையும் மகனும் பல நாள் பேசாதிருந்ததை நாம் அறிவோம்.

நமது கருத்தைச் சொல்லிவிடுகிறோம். பெரியவர்கள் பறையை எரித்தது சரியான செயலே. அன்று அதைக் கையில் வைத்திருக்கும்வரை ஆள் வந்துகொண்டே இருந்திருக்கும். பறை இல்லை என்று சொல்வதே அழைப்பை மறுக்க இருந்த ஒரே வழி. அவர்கள் மறுத்ததனால்தான் இன்று நம் பிள்ளைகள் தாமாக விரும்பி அதை எடுக்க முடிகிறது. ஆகவே எடுப்பவர்கள் அந்த மறுப்பையும் சேர்த்தே எடுக்கவேண்டும். ஊர்ச்சாவுக்கு வா என்று யாரேனும் பழைய உரிமையோடு அழைத்தால், பத்மஸ்ரீ பெற்ற கலைஞரானாலும் மறுக்கத்தான் வேண்டும். வேடிக்கைக்காக இதைச் சொல்லவில்லை. மதுரை வட்டாரப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆனால் தண்டோரா போடும் வழக்கத்தைத் தடைசெய்யுமாறு தமிழக அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதவேண்டியிருந்தது 2022-இல். இரண்டு செய்திகளுக்கும் இடையே மூன்றே ஆண்டுகள்!

கருவியைப் பற்றியும் மாணவர்கள் அறியவேண்டும். வளைந்த மரத்துண்டுகளைப் பொருத்தி வட்டச்சட்டம் செய்வர். அதன்மேல் கன்றின் தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவர். ஒரு கையில் மூங்கிலால் ஆன நீண்ட மெல்லிய சிண்டுக்குச்சி, மற்றக் கையில் குட்டையான தடித்த அடிக்குச்சி. இரண்டும் இருவேறு ஓசை எழுப்பும். கால் அடவு போடவேண்டும். கை தாளம் தவறக்கூடாது. பெண்களுக்கு இது ஆகாது என்றிருந்த எண்ணத்தைத் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பல்லாண்டுகளுக்கு முன்பே உடைத்துவிட்டனர்.

நமக்குப் பிடித்த மற்ற இசையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். வடசென்னையின் சாவு வீடுகளில் இரவெல்லாம் ஒலித்த கானாப் பாட்டு, 2018 ஜனவரியில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினரால் பெருமேடைக்கு வந்தது. சொற்கள் சில நமக்குக் கரடுமுரடாகப் படுகின்றன, இளைஞர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு, இளையராஜா. சாதிப் பெயர் சொல்லி அவரை உரிமை கொண்டாடுவது அவர் விரும்பாதது. நாமும் அதைச் செய்யமாட்டோம். நாம் சொல்லவந்தது அவருடைய உழைப்பை. பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடித் திரிந்தவர், சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைநாட்டு இசையை முறையாகக் கற்றார். காதால் அறிந்ததைத் தாளில் எழுதக் கற்றார். 1976-இல் 'அன்னக்கிளி'. 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் அவரது சிம்பொனி. காலையில் படிக்க எழுந்திருக்கச் சோம்பும் நாளில் அவர் எழுதிய இசைத்தாள்களின் கட்டை நினைத்துப்பார்ப்பது நமது பழக்கம்.

கழகத்திற்கு ஒரு வேண்டுகோள். மாலைப் பாடவகுப்பு முடிந்தபின், வாரத்தில் இரண்டு நாள், விரும்புகிற ஆணும் பெண்ணும் பறை பயில இடம் கொடுங்கள். பறையடித்தவர் மகன் என்பதற்காக எவனையும் அதில் சேர்க்கவேண்டாம். கணக்கில் மதிப்பெண் குறைந்தவர்களை, அது கூடும்வரை சேர்க்கவேண்டாம் என்று ஆசிரியர்கள் சொன்னால் அதையும் நாம் ஏற்போம். கற்பிக்கும் ஆசானுக்கு மற்ற ஆசிரியர்களுக்குரிய அதே ஊதியமும், அதே நாற்காலியும் தரவேண்டும்.

நமக்குப் பின் மாணவியர் எண்மர் பறை முழக்க இருக்கின்றனர். வெளியே வைக்கோல் தீயில் தோலைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். சூடு ஆறினால் ஓசை தளர்ந்துவிடும். ஆகையால் இத்துடன் அமைகிறோம்.