மணவறையைக் கலைக்கூடத்தில் வைத்த ஜொகூர்க்காரர்



"பிள்ளை நன்றாகப் படம் வரைகிறான்" என்று யாராவது சொன்னால், நம் வீடுகளில் உடனே ஒரு கேள்வி எழும். "படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?" அந்தக் கேள்வியில் தவறில்லை. பால்மரம் சீவிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்களின் கவலை அது. ஆனால் அந்தக் கேள்வியோடு பேச்சை முடித்துவிடுகிறோமே, அதுதான் சிக்கல். உலு திராமுக்குப் பக்கத்தில், ஜொகூர்பாருவில் பிறந்த ஓர் ஓவியரின் வாழ்க்கை இதற்கு வேறு பதில் சொல்கிறது.

அவர் அனுரேந்திரா ஜெகதேவா. கலை உலகில் ஜே. அனு என்றும் அழைப்பார்கள். 1965ஆம் ஆண்டு பிறந்தவர். இலங்கைத் தமிழ் வம்சாவளி. இங்கிலாந்தில் ஓவியத்தின் அடிப்படையைப் பயின்ற அவர், சட்டமும் படித்தார். பத்திரிகையில் எழுதினார், படமும் வரைந்தார். பெட்ரோனாஸ் கலைக்கூடத்தில் கண்காட்சி அமைப்பாளராகப் பணியாற்றினார். மெல்பர்ன் நகரின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் நுண்கலை முதுகலைப் பட்டமும் பெற்றார். சோற்றுக்காக வேலை பார்த்தபோதும் தூரிகையை அவர் கீழே வைக்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பத்திரிகைக்காரருக்குக் கதை கேட்கும் காது வேண்டும். சட்டம் படித்தவருக்கு இரு தரப்பையும் பார்க்கும் கண் வேண்டும். அந்தக் காதும் கண்ணும் அவருடைய ஓவியங்களில் இருக்கின்றன. அவர் வரைவது மனிதர்களை, சொல்வது கதையை.

இந்தியர் என்றால் தோட்டக்காரர், இல்லாவிட்டால் வழக்கறிஞர், அதுவும் இல்லாவிட்டால் சண்டைக்காரர். பிறர் இப்படிப் பேசுவதைக் கேட்டிருக்கிறோம், நாமும் பேசியிருக்கிறோம். அரைத்த மாவையே அரைக்கும் இத்தகைய பேச்சைத்தான் அவர் 2001ஆம் ஆண்டில் ஓவியத்துக்குப் பொருளாக எடுத்துக்கொண்டார். ஓடும் இந்தியர்களையும், 25 தேய்வழக்குகளில் மலேசிய இந்தியர் வரலாற்றையும் சொல்வதாக அந்தப் படைப்புக்குப் பெயர் வைத்தார். நம்மைப் பற்றிய பேச்சைக் கண்டு அவர் ஒதுங்கவில்லை. அதையே எடுத்து நம் முன்னால் நிறுத்தினார்.

அடுத்தது, நம் எல்லாருக்கும் தெரிந்த மணவறை. மண்டபத்தில் வாடகைக்கு எடுத்து அலங்கரிக்கிறோம். மணமக்கள் அமர்கிறார்கள், படம் பிடிக்கிறோம். விருந்து முடிந்ததும் பிரித்து லோரியில் ஏற்றிவிடுகிறார்கள். அந்த மணவறையைத்தான் அவர் 2012 முதல் 2014 வரை உழைத்து, ஓவியங்கள் சேர்ந்த ஒரு பெரிய கலைப்படைப்பாக்கினார். சிங்கப்பூர் கலை அரும்பொருளகத்திலும் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. 'மணவறை' என்ற தமிழ்ச் சொல்லே அதன் பெயர். காதல், இழப்பு, திருமணத்துக்கு முந்திய ஒப்பந்தம், பெரிய விவாதம் நடக்கும் காலம் என்று அதன் துணைத்தலைப்பு நீள்கிறது. 2013 பொதுத்தேர்தலை நாடு சந்தித்த காலம் அது. திருமணம் என்பது இருவர் சேர்ந்து வாழச் செய்துகொள்ளும் ஏற்பாடு. பல இனத்தவர் சேர்ந்து வாழும் நாடும் அப்படித்தானே என்று பார்ப்பவரை அது யோசிக்க வைக்கிறது.

ஓவியத்துக்கு அவ்வளவு வலிமை உண்டா? போர்த்துகலைப் பாருங்கள். பாவுலா ரேகோ என்ற ஓவியர் (1935-2022) லண்டனில் வாழ்ந்தபடியே தாய்நாட்டுப் பெண்களின் துயரங்களை வரைந்தார். 1998ஆம் ஆண்டு கருக்கலைப்புச் சட்டத் திருத்தத்துக்கான வாக்கெடுப்பு தோற்றபோது, அதையொட்டி ஒரு படவரிசையையே தீட்டினார். 2007ஆம் ஆண்டு மறுபடியும் வாக்கெடுப்பு வந்தது; சட்டம் மாறியது. அந்த மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய படங்களையும் சேர்த்தே பேசுகிறார்கள்.

இந்த இருவரும் கருப்பொருளைத் தேடி எங்கோ அலையவில்லை. சொந்த மக்களிடமிருந்தே எடுத்தார்கள்.

பெற்றோர்களே, சோற்றுக் கேள்வியைக் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைக்கு ஒரு தொழிலும் தேவைதான். அதற்கு முன்பு, அவன் வரைந்த தாளைக் கையில் வாங்கி, "இது யார்? என்ன செய்கிறார்?" என்று கேளுங்கள். அவன் சொல்லப்போவது பாட்டியின் கதையாக இருக்கலாம், தோட்டத்துக் கதையாகவும் இருக்கலாம். நம் கதையை நம் பிள்ளைகள் வரையாவிட்டால், பிறர் சொல்லும் அந்த 25 தேய்வழக்குகள்தாம் நமக்கு வரலாறாக மிஞ்சும்.