எள்ளலும் அன்பும்

(சங்கத்தின் திரைப்பட மாலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்னும் சிறிது நேரத்தில் நாம் காணவிருக்கும் ‘யங் பிராங்கன்ஸ்டைன்’ 1974ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்கப் படம். “பேய்ப்படத்தைக் கேலி செய்யும் படத்திற்குச் சங்க மேடையில் ஓர் உரையா?” என வினவிய அன்பரும் உண்டு. நகை பிறக்கும் இடங்களை எண்ணப் புகுந்த தொல்காப்பியர் எள்ளலையே முதற்கண் வைத்தார். அவர் துணைகொண்டு மேலே செல்கிறோம்.

மேரி ஷெல்லி அம்மையார் 1818இல் வெளியிட்ட புதினத்தில், உயிரற்ற உடலுறுப்புகளைக் கூட்டி உயிரூட்டிய இளைஞன், தன் படைப்பைக் கண்டு தானே அஞ்சி ஓடுகிறான். ஜேம்ஸ் வேல் அக்கதையை 1931இல் படமாக்கினார்; போரிஸ் கார்லாஃப் அரக்கனாக நடித்தார். 1935இலும் 1939இலும் தொடர்ச்சிகள் வந்தன. இவற்றையே மெல் புரூக்ஸும் ஜீன் வைல்டரும் எள்ளத் துணிந்தனர்.

எவ்வாறு எள்ளினர் என்பதே நாம் கருதத்தக்கது. வண்ணப்படமே வழக்காகிவிட்ட காலத்தில், கறுப்பு வெள்ளையில்தான் எடுப்போம் என்றனர். முதலில் பேசிய நிறுவனம் இசையவில்லை. அவர்கள் நிறுவனத்தை மாற்றினரேயன்றி நிறத்தை மாற்றவில்லை. 1931ஆம் ஆண்டுப் படத்திற்கு மின்கருவிகள் அமைத்த கென்னத் ஸ்டிரிக்ஃபேடன் அவற்றைப் போற்றி வைத்திருந்தார். பொறி பறக்கும் அக்கருவிகளே இப்படத்தின் ஆய்வுக்கூடத்திலும் நிற்கின்றன. வெறுப்பவன் இத்துணை பாடுபடுவானா?

பாட்டனாரின் புகழுக்கு நாணிய பேரன், தன் பெயரை ‘ஃப்ரோன்கன்ஸ்டீன்’ எனத் திரித்துச் சொல்லிக்கொள்கிறான். வெளியூரில் வாழும் நமக்குப் பெயர் திரிவது புதிதன்று. ஆனால் நம் பெயரைத் திரிப்பவர் பிறர்! மார்ட்டி ஃபெல்ட்மனின் கூன் முதுகின் ஒருபுறமிருந்து மறுபுறம் தாவுகிறது. மாளிகையைக் காக்கும் அம்மையின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் குதிரைகள் கனைக்கின்றன. காரணம் கேளாதீர்கள்.

1935ஆம் ஆண்டுப் படத்தில், கண்ணற்ற துறவி ஒருவர் அரக்கனை நண்பனாக ஏற்று உணவளிக்கும் காட்சி கல்நெஞ்சையும் கரைப்பது. இங்கே ஜீன் ஹாக்மன் அத்துறவியாக வந்து, கொதிக்கும் சூப்பை அரக்கனின் மடியில் ஊற்றுகிறார். சுருட்டென்று எண்ணி அவன் கட்டைவிரலைப் பற்றவைக்கிறார். விருந்தினன் அலறி ஓடிய பின்னரும், காப்பி போடுவதாக இருந்தேனே என்று நிற்கிறார். நாம் வயிறு குலுங்க நகைக்கிறோம். ஆயினும் அம்முதியவரின் தனிமை அந்நகையில் கரைந்துவிடவில்லை.

இரட்டைப் பொருள் தரும் பேச்சுகள் சில உள. அவற்றைப் பாராட்டுவதற்கில்லை.

நாம் பெரிதும் போற்றுவது மற்றொரு காட்சி. சீறும் அரக்கன் இருக்கும் அறையுள் விஞ்ஞானி தனியே புகுகிறான். என்ன நேரினும் கதவைத் திறவாதீர் என்று கட்டளையிட்டவன், மறுகணமே திறக்கச் சொல்லிக் கதறுகிறான். எவரும் திறக்கவில்லை. வேறு வழியின்றி அரக்கனை “அழகா!” என்று விளிக்கிறான். சீற்றம் தணிகிறது. பொய்யாகத் தொடங்கிய புகழ்ச்சி மெய்யன்பாக முதிர, அழும் அவ்வுருவை மார்போடு அணைத்துக்கொள்கிறான். புதினத்தில் படைத்தவன் ஓடினான், இங்கே தழுவுகிறான்.

இனி விளக்குகளை அணைக்கலாம். குதிரைகள் கனைத்தால் குழந்தைகள் அஞ்ச வேண்டா.