நூற்றறுபது ஏக்கரும் ஏழு பேர்ச்சும்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரை)



கடல் கடந்து சென்று மண்ணைத் திருத்தியவர்களின் கதை உலக இலக்கியத்தில் தனியொரு கிளை. அதில் இருவரை இன்று ஒப்புநோக்குவோம். ஒருவர் அமெரிக்கப் புல்வெளியில் குடியேறிய ஜேர்மன் விவசாயி. மற்றவர் நமது பதுளை மலைகளில் குடியேறிய தமிழ்த் தொழிலாளி.

1862இல் அமெரிக்கா ஒரு காணிச் சட்டம் இயற்றியது. 160 ஏக்கரில் ஐந்தாண்டுகள் வசித்துப் பயிர் செய்தால் காணி உறுதி கைக்கு வரும். விண்ணப்பிப்பவர் குடிமகனாக இருக்க வேண்டும் என்றில்லை. குடிமகனாக விரும்புவதாக அறிவித்தாலே போதும். இச்சட்டத்தை நம்பி வந்தவர்களில் ஜேர்மனியர் ஏராளம். மரமில்லாத அந்த வெளியிலே புல்வேர் பின்னிய மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கி வீடு கட்டினார்கள். வறட்சி வந்தது. 1874இல் வெட்டுக்கிளிகள் வந்து விளைச்சலைத் தின்று தீர்த்தன. தோற்றுத் திரும்பியவர் பலர். நிலைத்தவர் நிலத்துக்கு உரியவர் ஆயினர்.

1883இல் ஒன்பது வயதுச் சிறுமியாக நெப்ராஸ்காவுக்கு வந்த வில்லா கேத்தர், இத்தகைய அயலவர்களிடையே வளர்ந்தார். 1913இல் வெளியான அவரது 'ஓ பயனியர்ஸ்!' நாவலின் நாயகி சுவீடியக் குடும்பத்துப் பெண். தந்தை விட்டுச்சென்ற நிலத்தை அவள் வளமாக்குகிறாள். அந்நாவலில் நிலமே ஒரு பாத்திரம் என்று சொன்னாலும் மிகையாகாது.

இனி ஊவாவுக்கு வருவோம். கங்காணியின் பின்னே கால்நடையாக வந்தவர்களும் காட்டை அழித்தார்கள். முதலில் கோப்பி. 1869இல் தோன்றிய இலைநோய் அதை அழித்த பின்னர் தேயிலை. உழைப்பிலும் துயரிலும் புல்வெளி விவசாயிக்கு இவர்கள் குறைந்தவர்களல்லர். ஆனால் இவர்களுக்குக் கிடைத்தது பிரட்டுக்களமும், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையும். அந்த அறையும் தோட்டத்துக்கே சொந்தம். வேலை போனால் கூரையும் போகும்.

ஒன்றை நேர்மையோடு சொல்லவேண்டும். இரண்டிடத்திலும் நிலம் வெற்றிடமாகக் கிடக்கவில்லை. அங்கே பூர்வகுடிகள் விரட்டப்பட்டனர். இங்கே 1818இல் ஊவாக் கிளர்ச்சி கொடூரமாக அடக்கப்பட்டது. 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம் கண்டியக் கிராமத்தவரின் நிலத்தை அரசுடைமையாக்க வழி திறந்தது. அந்த நிலம் துரைமார் கைக்குப் போயிற்று. தேயிலை நட்டவனுக்கு அதில் ஒரு சாணும் வரவில்லை.

பின்னர் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவன் ஆக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மக்கள் பங்கிடப்பட்டனர். இந்தக் கணக்கு ஒருவழியாக முடிவுக்கு வர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவேதான் நமது மலையகப் புனைகதையில் நிலத்தை வென்ற வீரனைக் காண்பதரிது. பதுளை மண்ணில் 1934இல் பிறந்து 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' கதையை வாசித்துப் பாருங்கள். ஒரு லயத்து அறையின் இடநெருக்கடி மனித மானத்தை என்ன செய்கிறது என்பதே அதன் பொருள். அவரது சிறுகதைத் தொகுதிக்கு 'நாமிருக்கும் நாடே' என்று பெயர். பாரதி பெருமிதத்தோடு பாடிய சொற்கள் இங்கே தலைப்பாகும்போது, நமதுதானா இந்த நாடு என்ற ஏக்கமும் கூடவே ஒலிக்கிறது.

இது வெறும் இலக்கிய ஆராய்ச்சியன்று. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அபாயம் பற்றி முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஏன் வெளியேறவில்லை என்று பலர் கேட்டார்கள். எங்கே போவது? சொந்தமாக ஒரு பிடி மண் உள்ளவனுக்கல்லவா அந்தக் கேள்வி பொருந்தும்!

இதன் பின்னரே குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணியும் உறுதியும் என்ற திட்டம் வந்தது. ஏக்கர் ஒன்றுக்கு 160 பேர்ச். எனவே இது ஏக்கரில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவும் எல்லோரையும் இன்னும் எட்டவில்லை. ஆயினும் தன் பெயரில் உள்ள மண்ணில் ஒரு பலாக்கன்றை நடுகிறவனின் கதை வேறாகத்தான் இருக்கும். அக்கதையை எழுதும் கை ஊவாவிலிருந்தே எழவேண்டும் என்பது என் ஆசை.